வெறுஞ்சீட்டு ஞானம்மா

எங்கள் குப்பத்தில் கிறிஸ்தவம் டிசம்பர் இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் வந்து இறங்கும். ஜனவரி இரண்டாம் தேதி காலை பொன்னேரி பஸ் ஏறிப் போய்விடும். நடுவில் அதற்கு நடக்கிற உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. கோயிலுக்கு வெள்ளையடிப்பு, மூங்கில் உச்சியில் காகித நட்சத்திரம், ஆட்டுக்கறி, புதுச்சேலை, முக்கியமாகப் பெயர்கள். வருஷம் முழுக்க முனிகிருஷ்ணனாக இருந்தவன் அந்த ஒரு வாரம் மோசே ஆகிவிடுவான். மணியம்மா எஸ்தர் ஆவாள். பண்டிகை முடிந்த மறுநாள் "மோசே" என்று கூப்பிட்டுப் பாருங்கள், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவனும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் அந்தச் சபையின் உபதேசியார் பெண்டாட்டி. பாதிரியார் மாதத்துக்கு ஒரு தடவை பொன்னேரியிலிருந்து வந்து போவார். மிச்ச நாட்களில் ஆண்டவரின் காரியங்களைக் கவனித்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர் என் வீட்டுக்காரர். என் வீட்டுக்காரரைக் கவனித்துக்கொள்ள நியமிக்கப்பட்டவள் நான். இரண்டில் எது கஷ்டமான ஊழியம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அறுபத்தாறாம் வருஷம் பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு எங்களை மாற்றினார்கள். பத்து வருஷம் அங்கேயே குப்பை கொட்டினோம். அந்தப் பத்து வருஷத்தில் ஆண்டவரோடு ஒரு நாள் விடாமல் பேச்சுவார்த்தை வைத்திருந்த ஒரே மனுஷியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அது நான் இல்லை. என் வீட்டுக்காரர் நிச்சயமாக இல்லை.

ஞானம்மா மீன்காரி. புருஷன் காமாலையில் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. விடிந்ததும் படகிலிருந்து மீன் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு பொன்னேரி சந்தைக்குப் போவாள். பஸ்ஸில் தினமும் சண்டை. "கூடை நாறுது, எறக்கு" என்பான் கண்டக்டர். "கொழம்புல மணக்குது, கூடைல நாறுதா உனுக்கு? மூக்க ஊட்ல கய்ட்டி வெச்சிட்டு வா" என்பாள் இவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கடைசி வரிசையில் வந்து உட்காருவாள். புதுச்சேலைக்காரிகள் இரண்டு பேர் நாசூக்காக நகருவார்கள். "நவுருங்க, நவுருங்க. மீன் புடிச்ச பேதுரு மேலயும் இதே நாத்தந்தான் அடிச்சிருக்கும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் முழங்கால் போடுவாள்.

அவளுக்கு ஒரே மகள் மணியம்மா. அதாவது டிசம்பரில் எஸ்தர். மருமகன் முனிகிருஷ்ணன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை செய்துகொண்டு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வருகிறவன். மணியம்மாவுக்கு அறுபத்தெட்டாம் வருஷத் தொடக்கத்தில் முதல் பிள்ளை பிறந்து, பிறந்த அன்றைக்கே போய்விட்டது. சபையே திரண்டு வந்து தேற்றியது. ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்தார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன், சொல்வதற்கு வேறு என்ன இருக்கிறது? அந்தப் பெண் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழவில்லை, அதோடு பாட்டையும் நிறுத்திவிட்டாள். எங்கள் கோயிலில் சுதி சேர்ந்து பாடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், மற்றதெல்லாம் ஏலம் போடுகிற சத்தம். இரண்டாவது உண்டாகித் தாய்வீட்டுக்கு வந்தபோதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வலைக்கண்ணைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். தொட்டில் துணி தைக்கலாமா என்று கேட்டதற்கு, "இதுவும் தங்காது, விடும்மா" என்றாளாம். ஞானம்மாவின் வயிற்றில் அன்று ஏறிய நெருப்பு இறங்கவே இல்லை. பிள்ளையும் தங்க வேண்டும், மகளும் மனுஷியாகத் திரும்பி வர வேண்டும். அந்த வருஷம் அவளுக்கு இருந்தது இந்த ஒரே கவலை.

இப்படித்தான் அறுபத்தொன்பதாம் வருஷம் பிறந்தது.

புதுவருஷ ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பித்தளைத் தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உங்களுக்கென்று தருகிற வாக்குத்தத்தம். வாசித்து, ஆமென் சொல்லி, வீட்டுச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டால் அடுத்த டிசம்பர் வரை ஆண்டவரோடு வேறு பேச்சு வேண்டியதில்லை. அப்போதுதான் சர்க்கார் பரிசுச் சீட்டு புதிதாக வந்திருந்தது. சீட்டு வாங்குகிற முகத்துக்கும் வசனம் எடுக்கிற முகத்துக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

தட்டுக்கு அதிகாரி சபை மூப்பர் தேசப்பன். இறால் வியாபாரி. இறால் தலையைக்கூட வீணாக்காமல் காயவைத்துக் காசாக்குகிறவர். சென்னையிலிருந்து வசனம் அச்சடித்த பெரிய அட்டைத் தாளை வாங்கி வந்து அவர்தான் கத்தரிப்பார். ஒரே ஒரு தடவைதான் எடுக்கலாம் என்ற சட்டமும் அவருடையதுதான். உபத்திரவ வசனம் வந்த ஒருத்தி இரண்டாவது எடுக்கப் போய் அதிலும் உபத்திரவமே வந்ததிலிருந்து அந்தச் சட்டம் கண்டிப்பாகிவிட்டது.

ஞானம்மா முறை வந்தது. தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, மொத்த வியாபாரியிடம் பேசுகிற மாதிரி, "மவளுக்கும் சேத்துதான் எடுக்கறேன் ஆண்டவரே, பாத்துக் குடு" என்றாள். எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா உபதேசியாரே, பொடி எயுத்தா?"

"எழுத்தே இல்லம்மா" என்றார்.

ஞானம்மாவுக்குப் புரியவில்லை. "எயுத்து இல்லன்னா?"

"ஒண்ணும் அச்சடிக்கல. வெறுஞ்சீட்டு."

பிரசங்கத்தின்போதுகூட எங்கள் கோயிலில் அவ்வளவு அமைதி இருந்ததில்லை. விஷயம் இவ்வளவுதான், அச்சுக்காரன் தாளின் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறான். மூப்பர் தாளைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் கோடு கிழித்து, ஓரத்தையும் விடாமல் அளவாக வெட்டித் தட்டில் போட்டுவிட்டார். நல்ல அட்டை, வீணாக்கலாமா? அவர் வீட்டு அம்மாவே பிற்பாடு என்னிடம் இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு எடுக்கட்டுமே" என்று பெண்கள் பக்கத்திலிருந்து நான் சொன்னேன். மூப்பர் தொண்டையைச் செருமினார்.

"எடுத்தா எடுத்ததுதான். மாத்தி எடுக்கறது ஆண்டவரச் சோதிக்கறது. இந்த வருஷம் இந்த அம்மாகிட்ட அவரு மௌனமா இருக்கச் சித்தம் கொண்டிருக்காரு. மௌனமும் ஒரு ஆசீர்வாதந்தான்."

அவருக்கு வந்திருந்த வசனம் களஞ்சியம் நிரம்புவதைப் பற்றியது. அந்த ஆசீர்வாதத்தை அவர் மௌனமாகப் பெற்றுக்கொள்ளவில்லை. இரண்டு தடவை உரக்கப் படித்தார். என் வீட்டுக்காரர் மூப்பரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், பிறகு முடிவு ஜெபத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மனுஷர்தான். முதுகெலும்பு மட்டும் ஆண்டவர் கொஞ்சம் சிக்கனமாக வைத்துவிட்டார்.

மனசு கேட்காமல், மிச்சமிருந்த கேக்கை எடுத்துக்கொண்டு நான் ஞானம்மா பின்னாலேயே போனேன். வாசலில் நுழைந்ததும் மணியம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னா வந்துது?"

ஞானம்மா புதுவருஷமும் அதுவுமாகப் பொய் சொல்ல முடியாமல் அட்டையை மகள் மடியில் போட்டாள். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எந்தப் பிள்ளைத்தாய்ச்சி முகத்திலும் பார்க்க விரும்பவில்லை.

"எனுக்குத் தெரியும். நம்மகிட்ட சொல்றதுக்கு அவருகிட்ட இன்னா கீது?" என்றாள். நான் கேக்கை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பண்டிகை போய்விட்டது. நட்சத்திரக் காகிதம் கிழிந்து மூங்கில் மட்டும் நின்றது. மூப்பர் தம்பதி சமேதராகச் சென்னையில் மகள் வீட்டுக்குப் பொங்கல் வரை போய்விட்டார். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் சாராயக்கடைக்குத் திரும்பினார். என் வீட்டுக்காரர் பத்து நாள் தொடர்ந்து நற்செய்தி சொன்ன களைப்பில் படுத்தார், படுத்தவர் எழுந்திருக்கப் பொங்கல் ஆயிற்று. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு நானும் ஒரு பல்லியும் வந்திருந்தோம். நான் ஜெபம் பண்ணினேன், பல்லி உச்சுக் கொட்டியது. ஆண்டவர் வருஷம் முழுக்க உங்களோடு இருப்பார் என்று பண்டிகைப் பிரசங்கத்தில் முழங்கியாகிவிட்டது, சபையார் கூட இருப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லையே! ஞானம்மா வீட்டுப் பக்கம் ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லை. ஆண்டவரே பேசாத வீட்டில் நமக்கென்ன பேச்சு என்று நினைத்தார்களோ என்னவோ.

ஒரு நாள் மீன் வாங்க நான் போனேன். குடிசைக்குப் பின்பக்கம் ஞானம்மா யாரையோ கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, வாயில இன்னா கொயுக்கட்டையா வெச்சினுகீற? அல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு சொன்னியே, எறாத் தல விக்கறவனுக்குச் சொன்னியே, எனுக்குச் சொல்ல ஒரு வார்த்த இல்லியா உன்கிட்ட? சரி, நீ பேசாத. நான் பேசறேன், கேட்டுக்கினு இரு. மொதப் புள்ளைய எடுத்துக்கினு போனியே, எதுக்கு? அங்க உனுக்குக் கொயந்தைங்களே இல்லியா? பெத்தவ கல்லு மாரி குந்தினுகீறாளே, கண்ணு தெரியுதா இல்லியா?"

யாரோ ஆம்பிளை நிற்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். அவளும் செதில் சுரண்டுகிற மீனும் மட்டும்தான். ஒரு மீனைச் சுரண்டி முடிப்பாள், அடுத்ததை எடுப்பாள், விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

"ஞானம்மா, யாரைத் திட்டுறே?" என்றேன், தெரிந்துகொண்டே.

"அவரத்தான்" என்று மேலே கூடக் காட்டாமல் பக்கத்தில் கையைக் காட்டினாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது நிற்கவில்லை. கூடை தூக்கும்போது திட்டு, பஸ்ஸுக்கு நிற்கும்போது திட்டு, அடுப்பு ஊதும்போது திட்டு. மழையில் கருவாடு நனைந்தால் அதற்கும் அவர்தான். நல்ல மீன் அகப்பட்டால், "இத்தக் குடுத்து வாய மூடலாம்னு பாக்கறியா, நடக்காது" என்பாள். ஓலைச் சுவர், ஒரே அறை. உள்ளே உட்கார்ந்து வலை பார்க்கிற மகள் காதில் காலையிலிருந்து இருட்டும் வரை இதுதான்.

விசேஷம் என்னவென்றால், ஞானம்மா தேறிக்கொண்டு வந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், பஸ்ஸில் பழையபடி சண்டை போட்டாள். தினமும் வசனம் படித்து முழங்கால் போடுகிற எனக்குத்தான் இரவு தூக்கம் வரவில்லை. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"இவ்வளவு திட்டுறியே, ஒரு நாளாவது பதில் சொன்னாரா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குப் பேசுறே?"

"கேட்டுக்கினு கீறாரு யம்மா."

"அது எப்படித் தெரியும் உனக்கு?"

"பொம்பள பேச்சு புடிக்காத ஆம்பள எயுந்து சட்டைய மாட்டிக்கினு பூடுவான். இவரு எங்கயும் போவல" என்றாள். வேதபாடப் பரீட்சையில் நான் முதல் பரிசு வாங்கியவள். இப்படி ஒரு பாடம் எனக்கு யாரும் நடத்தவில்லை.

பொங்கல் முடிந்து மூப்பர் வந்து சேர்ந்தார். சென்னைச் சாப்பாட்டில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். ஞானம்மா ஆண்டவரைத் திட்டுகிறாள் என்ற செய்தி அவர் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னால் அவர் காதுக்குப் போய்விட்டது. பிள்ளைத்தாய்ச்சி எப்படி இருக்கிறாள் என்ற செய்திக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விசாரணை. மூப்பர் நாற்காலியில், என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியின் நுனியில், ஞானம்மா நின்றுகொண்டு, நான் கூப்பிடாமலே வந்து கதவோரம்.

"நீ ஆண்டவரத் திட்றியாமே?"

"ஆமா நைனா."

"வெக்கமா இல்ல? இது தேவ தூஷணம். திருவிருந்து அப்பம் கெடையாது உனக்கு."

"நீங்க அவரத் திட்னது இல்லியா?"

"நான் எதுக்குத் திட்டுவேன்?"

"அதானே, பேச்சுவார்த்த இருந்தாத்தான சண்ட வரும்" என்றாள் ஞானம்மா. "நைனா, நீங்க பெரியவரு. நான் ஒண்ணு கேக்கறேன். புருஷன் மூஞ்சத் தூக்கி வெச்சினு பேசாம இருந்தா பொண்டாட்டி இன்னா பண்ணுவா? திட்டுவா. திட்டிக்கினே சோறும் போடுவா. அவன் பேசலன்னு வேற ஊட்டுக்கா பூடுவா? நான் எங்கயும் போவல. பக்கத்து ஊட்டுக் குப்பாயிகூடச் சொன்னா, அம்மனுக்கு வேண்டிக்கோன்னு. மாட்டேன்ட்டேன். எனுக்கு இவருகிட்டதான் கேக்கணும்."

மூப்பர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் அவருக்கு என்ன தெரிந்ததோ, எழுந்து நின்று, "திருவிருந்து விஷயத்தைப் பாதிரியார் பாத்துக்குவார், மூப்பரே" என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவரை நான் ஆசையோடு பார்த்த நாட்களில் அதுவும் ஒன்று. அன்றைக்கு அவருக்கு இறால் வறுத்துப் போட்டேன்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மணியம்மாவுக்கு வலி கண்டது. அன்றைய தினத்தைப் பற்றிச் சபையில் பிற்பாடு நாலு விதமாகச் சொன்னார்கள், சொன்னவர்களில் ஒருத்தர்கூட அங்கே இல்லை. என் வீட்டுக்காரர் பொன்னேரியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அடுத்த கிறிஸ்துமஸை எப்படிச் சிறப்பாகக் கொண்டாடுவது என்று மார்ச்சிலேயே கூட்டம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வண்டி கிடைக்கவில்லை. முனிகிருஷ்ணன் பட்டறையில். பக்கத்து வீட்டுக் குப்பாயிதான் வந்தாள். அவள் சாமி வேறு, அம்மன் கோயில் குங்குமம் நெற்றி நிறைய. குப்பத்தில் பாதிப் பேரைப் பிறந்தபோது அவள்தான் கையில் வாங்கியிருந்தாள்.

என்னை ஜெபம் பண்ணக் கூப்பிட்டார்கள். நானும் வேதபுத்தகத்தைப் பிரித்துக்கொண்டு தலைமாட்டில் நின்று ஆரம்பித்தேன். குப்பாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"யம்மா, அந்தப் பொஸ்தவத்த அப்பால வெச்சிட்டு இந்தக் கால வந்து புடி."

வைத்துவிட்டுக் காலைப் பிடித்தேன்.

காலையில் கண்ட வலி, வெயில் சாய்ந்தும் பிள்ளை வரவில்லை. அதைவிட மோசம், மணியம்மா வாயையே திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். முக்கச் சொன்னால் முக்கவில்லை. "எனுக்கு வாணாம் அத்த, வுட்ரு. இதுவும் பூடும்" என்று குப்பாயியிடம் மெதுவாகச் சொன்னாள். குப்பாயி முகம் மாறிவிட்டது. "இவ மனசு வெக்கலன்னா நான் இன்னா பண்ணட்டும், ரெண்டும் பூடும்" என்று என்னிடம் முணுமுணுத்தாள். இந்த நேரத்துக்காவது ஞானம்மா அவரை நாலு வார்த்தை கேட்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயில் முந்தானையைத் திணித்திருந்தாள். ஜனவரியிலிருந்து ஓயாத வாய் பயத்தில் அடைத்துப் போயிருந்தது.

அப்போதுதான் அடுத்த வலி வந்தது. மணியம்மா கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ்! இன்னாய்யா, வாயில இன்னா கொயுக்கட்டையா?"

நான் காலை விட்டுவிட்டேன். குப்பாயி என் கையில் ஓர் அடி போட்டு மறுபடியும் பிடிக்க வைத்தாள்.

"எங்க ஆத்தா அன்னாடம் கேக்கறாளே, காதுல உயுதா இல்லியா? என் புள்ளைய எங்கய்யா வெச்சினுகீற? அதுக்கு யாரு பாலு குடுக்கறது? சொல்லு! இத்தையும் எடுத்துக்கினு போலாம்னு பாக்கறியா? குடுக்க மாட்டேன். இது என்து. கேக்குதா? குடுக்க மாட்டேன்!"

அப்படிக் கத்திக்கொண்டே முக்கினாள். குப்பாயி, "அப்டித்தான்டி, வுடாத, இன்னும் கேளு" என்றாள். ஒவ்வொரு வலிக்கும் ஒரு கேள்வி. கடைசிக் கேள்விக்கு வார்த்தையே இல்லை, வெறும் கூச்சல். பிள்ளை வந்து குப்பாயி கையில் விழுந்தது. பெண் பிள்ளை. குப்பாயி காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். வீல் என்று அழுதது. குப்பாயி தொப்புள்கொடியை அறுத்து, பிள்ளையைத் துடைத்து, தாய் மார்பில் போட்டாள்.

மணியம்மா நிறுத்தவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "ஒண்ணக் குடுத்துட்டா ஆச்சா? அதுக்குப் பதிலு சொல்லு. அந்தப் புள்ளைக்கு இன்னா பதிலு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்கக் குரல் உடைந்தது. கண்ணிலிருந்து கொட்டியது. முந்தின வருஷத்திலிருந்து உள்ளே கிடந்ததெல்லாம் வந்தது. அவள் அழுததும் நானும் அழுதேன், குங்குமம் கலையக் குப்பாயியும் அழுதாள்.

ஞானம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்து மகள் முகத்தைத் துடைத்தாள். குனிந்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"கத்தாதடி கண்ணு. மெதுவாவே கேளு. கிட்டத்தான் கீறாரு."